வலது முழங்காலுக்குப் பதில் இடது: மருத்துவமனை நீட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை விவரங்களைத் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு வயது 44. தனியார் நிறுவனம் ஒன்றில் பேருந்து ஓட்டுநர், மாதச் சம்பளம் 26,000 ரூபாய். வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியவந்து, 14 மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே குழாய் விட்டு மூட்டுக்குள் பார்த்துச் செய்யும் அறுவை) செய்துகொள்ளச் சேர்ந்தார். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டிலிருந்து 1,32,000 ரூபாய், கைப்பணம் 18,000 ரூபாய் கட்டப்பட்டது. முதுகில் ஊசி போட்ட பிறகு தன் இடது தொடையில் பட்டை சுற்றுவதைப் பார்த்த அவர், "சார், வலது கால்தான்" என்று சொல்லியிருக்கிறார். "ரெண்டு காலும் மரத்துப் போயிருக்கும், எதுன்னு உங்களுக்குத் தெரியாது, பேசாமப் படுங்க" என்று பதில் வந்திருக்கிறது. இடது முழங்காலில் ஜவ்வின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகுதான் தவறு தெரிந்தது. அதே மேசையில் வலது முழங்காலுக்கும் அறுவை சிகிச்சை செய்து முடித்திருக்கிறார்கள்.

ஏழு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. இப்போதும் இடது முழங்கால் வீங்குகிறது, கிளட்சை மிதித்துப் பிடிக்க முடியவில்லை. நிறுவனம் அவரை 14,000 ரூபாய் சம்பளத்தில் ஷெட் காவலுக்கு மாற்றிவிட்டது. "இடது மூட்டிலும் தேய்மானம் இருந்தது, சேர்த்தே சுத்தம் செய்தோம், அதற்குப் பணம்கூட வாங்கவில்லை" என்கிறது மருத்துவமனை. 18,000 ரூபாயைத் திருப்பித் தந்து இலவசமாகப் பிசியோதெரபியும் செய்வதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பதிவறையில் ஒப்புதல் படிவத்தைப் பார்த்த வாசகி அதைக் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார். அதில் 'வலது' என்ற சொல்லுக்கு மேலே வேறு மையில் 'இருபுறமும்' என்று செருகியிருக்கிறது.

"நாங்களே கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி வழக்குப் போட முடியுமா? காப்பீட்டில் செய்ததால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்கிறார்கள். டாக்டருக்கு எதிராக எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டாராம். என் கொழுந்தனார் முதலில் போலீஸுக்குப் போவோம், ஆளைத் தூக்கி உள்ளே வைப்பார்கள், பிறகு சென்னையில் ஒரு கோடி கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார். என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, அந்த முத்திரைத்தாளில் நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்துப் போடாதீர்கள். வேண்டாம் என்று சண்டை போடவும் தேவையில்லை. "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம், நகல் கொடுங்கள்" என்றால் போதும். கொடுத்தால் அந்த நகலே உங்களுக்கு ஒரு சான்று. எந்தத் தவறும் நடக்கவில்லை என்று நம்பும் மருத்துவமனை எதற்காக விடுதலைப் பத்திரம் கேட்கிறது என்ற கேள்வி தானாகவே எழும்.

மருத்துவ அலட்சிய வழக்குகளில் பெரும்பாலானவை நிரூபிக்கக் கடினமானவை. நோய் முற்றியதா, மருந்து தவறா, உடல்வாகு காரணமா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடக்கும். பக்கம் மாறிச் செய்த அறுவை சிகிச்சை அப்படிப்பட்டதல்ல. சரியான காகிதங்கள் கையில் இருந்தால், தவறு நடந்ததா என்ற கேள்வி கிட்டத்தட்ட முதல் நாளிலேயே முடிந்துவிடும். உங்கள் வழக்கின் பலம் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது, அந்தக் காகிதங்களில் சில இப்போதே திருத்தப்படுகின்றன. அதனால் கோபத்தைக் காட்டுவது, புகார் கொடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் ஆவணங்களைச் சேர்ப்பதில் இறங்குங்கள்.

ஒப்புதல் கையெழுத்து எதற்கு, எதற்கு இல்லை

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் எல்லா உரிமையும் போய்விட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் இயல்பாக வரக்கூடிய ஆபத்துகளை அறிந்து சம்மதிக்கிறேன் என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள். கிருமித் தொற்று, ரத்தக்கசிவு, மயக்க மருந்தின் பக்கவிளைவு போன்றவை அதில் அடங்கும். அலட்சியத்துக்கு யாரும் முன்கூட்டிச் சம்மதம் தர முடியாது. படிவத்தில் அப்படி அச்சடித்திருந்தாலும் அது செல்லாது.

அதோடு, வலது காலுக்குத் தந்த ஒப்புதல் இடது காலுக்குச் செல்லாது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தாலொழிய, நோயாளிக்கு நல்லதுதான் என்று மருத்துவர் நினைத்தாலும், ஒப்புதல் பெறாத கூடுதல் அறுவை சிகிச்சையைச் செய்யக்கூடாது. முழங்கால் தேய்மானம் யாருடைய உயிரையும் அன்று பிற்பகலுக்குள் பறிக்கப் போவதில்லை.

'சேர்த்தே சுத்தம் செய்தோம்' என்ற பதில் புதிதும் இல்லை. 2024 மே மாதம் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஆறாவது விரலை அகற்றச் சேர்க்கப்பட்ட நான்கு வயதுக் குழந்தைக்கு நாக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. நாக்கிலும் ஒரு குறை இருந்தது என்றுதான் அங்கேயும் விளக்கம் வந்தது. அந்த மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

உங்கள் விஷயத்தில் அந்த விளக்கத்தைச் சற்றுத் தட்டிப் பார்த்தாலே உடைந்துவிடும். இடது முழங்காலுக்கு முன்னதாக எக்ஸ்ரேயோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் தேய்மானம் இருப்பதை எப்படிக் கண்டார்கள்? உள்ளே குழாயை விட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றால், குழாயை விட யார் அனுமதித்தார்கள்?

எந்தக் காகிதம் என்ன சொல்லும்

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் உங்கள் கணவரின் கையெழுத்தில் இருக்கட்டும். உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி மூன்றையும் எழுதி, நேரில் கொடுத்து முத்திரையுடன் பெறுகைக் குறிப்பு வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். 'கேஸ் ஷீட் கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் தந்து அனுப்பிவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை: ஒப்புதல் படிவம், மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனைத் தாள், மயக்க மருந்துப் பதிவுத் தாள், அறுவை சிகிச்சைக் குறிப்பு, அறுவை அரங்குப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், செவிலியர் குறிப்புகள், ஆர்த்ரோஸ்கோப்பியின் படங்கள் அல்லது காணொளி, விவரமான பில்.

இவற்றில் மயக்க மருந்துப் பதிவுத் தாளைத்தான் நான் முதலில் புரட்டுவேன். அறுவை சிகிச்சைக் குறிப்பைப் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுவார்கள், அதில் கதை சேர்க்க இடமுண்டு. மயக்க மருந்துத் தாள் நிமிடக் கணக்கில் ஓடும். முழங்கால் ஆர்த்ரோஸ்கோப்பியில் தொடையில் டூர்னிகெட் பட்டை கட்டிக் காற்றழுத்தம் ஏற்றி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கம். பட்டையை அதிக நேரம் விட்டால் நரம்பும் தசையும் பாதிக்கப்படும் என்பதால் ஏற்றிய நேரத்தையும் இறக்கிய நேரத்தையும் குறித்தாக வேண்டும். உங்கள் கணவர் சொல்வது போலவே நடந்திருந்தால் இடது காலின் நேரம் முதலிலும் வலது காலின் நேரம் பிறகும் இருக்கும். உண்மையிலேயே வலது காலுக்கு வந்து 'கூடுதலாக' இடதையும் செய்திருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். வந்த காரியத்தை விட்டுவிட்டு யாரும் கூடுதல் காரியத்தை முதலில் செய்வதில்லை.

அதே தாளில் இன்னொன்றும் பாருங்கள். தூக்க ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதன் பெயரும் அளவும் நேரமும் இருக்கும். "சார், வலது கால்தான்" என்று அவர் சொன்னதை மருத்துவமனை நிச்சயம் மறுக்கும், மயக்கத்தில் உளறினார் என்றுகூடச் சொல்லும். பட்டை கட்டிய நேரத்துக்கு முன் தூக்க ஊசி எதுவும் பதிவாகியிருக்காவிட்டால் அந்த மறுப்புக்கு இடமில்லை. முதுகு ஊசி இடுப்புக்குக் கீழே உணர்வைத்தான் எடுக்கும், கண்ணையும் நினைவையும் எடுக்காது. அவர் சொன்னது, பதில் சொன்னவர் ஆணா பெண்ணா, எங்கே நின்றார், அப்போது திரை கட்டியிருந்ததா என்று நினைவில் இருப்பதை எல்லாம் இன்றே தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரமாணப் பத்திரத்துக்கு அது உதவும்.

அடுத்தது பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியல் இது. பெரும்பாலான மருத்துவமனைகள் இதையோ இதைத் தழுவிய ஒன்றையோ வைத்திருக்கின்றன. மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளியை அரங்கிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கு முன் என்று மூன்று கட்டம். நடுக்கட்டத்துக்கு 'டைம் அவுட்' என்று பெயர். எல்லோரும் கைவேலையை நிறுத்தி, நோயாளி யார், என்ன அறுவை, எந்தப் பக்கம் என்பதை வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால், நோயாளி விழித்திருக்கும்போதே, துணி போர்த்திய பிறகும் கண்ணில் படும்படி, அறுக்க வேண்டிய இடத்தில் அழியாத மையால் அடையாளம் போட வேண்டும். கத்தி பிடிக்கப் போகிற மருத்துவரே போடுவது உத்தமம்.

பக்கம் மாறுவது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் இந்தப் படிகள் கையெழுத்துச் சடங்காகிவிடும் நாட்களில்தான். அடையாளம் போடாமல் வருவார்கள், அல்லது கிருமிநாசினி தேய்க்கும்போது அழிந்துவிடும். மருத்துவர் உள்ளே வருவதற்குள் உதவியாளர் ஒரு காலில் பட்டையைக் கட்டித் துணி போர்த்தி வைத்திருப்பார். போர்த்திய காலைப் பார்த்ததும் அதுதான் கால் என்று மனம் ஏற்றுக்கொள்ளும். அன்றைய பட்டியலில் வரிசை மாறியிருந்தால் முந்தைய நோயாளியின் பக்கமே நினைவில் நிற்கும். உங்கள் பட்டியலில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டது போல் டிக் இருந்தால் அதைக் குறித்துவையுங்கள். 'பக்கம் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருந்தும் தவறான கால் அறுபட்டிருக்கிறது என்றால், அந்த டிக்கே மருத்துவமனைக்கு எதிரான சாட்சி.

இனி, மருத்துவமனையின் கை எட்டாத காகிதங்கள். திருத்தல் தொடங்கிவிட்ட இடத்தில் இவைதான் உங்களுக்கு உயிர்நாடி. பணமில்லாச் சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்டு, அறுவைக்கு முன்பே மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கிளெய்ம்களைக் கவனிக்கும் இடைநிலை நிறுவனமான டி.பி.ஏ.வுக்கோ ஒரு முன் அனுமதிப் படிவம் அனுப்பியிருக்கும். நோய் என்ன, என்ன அறுவை செய்யப் போகிறோம், எவ்வளவு செலவு என்று மருத்துவரே கையெழுத்திட்ட படிவம் அது. இரண்டு காலும் செய்வதாக இருந்தால் இரண்டுக்கும் அனுமதி கேட்டிருப்பார்கள், தொகையும் கூடியிருக்கும். அதில் 'வலது முழங்கால்' என்று மட்டும் இருந்தால், ஒப்புதல் படிவத்தில் செருகிய 'இருபுறமும்' எவ்வளவு நல்ல மையில் இருந்தாலும் பயனில்லை. கணவர் பெயரில் டி.பி.ஏ.வுக்கு எழுதிக் கேளுங்கள், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு மூலமும் கேட்கலாம். முடிவில் அனுப்பிய கிளெய்ம் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வடிவம் அதில் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்த ஸ்கேன் மையம் வேறென்றால் அங்கிருந்தும் அறிக்கையின் நகல் வாங்குங்கள்.

கைப்பேசியில் எடுத்த அந்தப் படத்தை வெட்டாதீர்கள், வெளிச்சம் கூட்டாதீர்கள், எடுத்த கைப்பேசியை விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் படத்தின் தரமும் எடுத்த நேர விவரமும் குறைந்துவிடும், மூலம்தான் முக்கியம். தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றிதழ் ஒன்றை உங்கள் வழக்கறிஞர் இணைப்பார்.

எங்கே போவது

காப்பீட்டில் செய்த சிகிச்சைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று யாரோ சொன்னது தவறு. வி.பி. சாந்தா வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டினாலும், வேலை கொடுப்பவர் கட்டினாலும், அது விலைக்குப் பெற்ற சேவைதான் என்று சொல்லிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் மட்டுமே விலக்கு.

ஒரு கோடி கேட்டால் சென்னைக்குப் போக வேண்டும் என்பது பழைய சட்டத்தின் கணக்கு. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதை வைத்து மன்றம் தீர்மானமாவதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். உங்கள் சிகிச்சைக்குச் செலுத்தியது 1,50,000 ரூபாய். ஆகவே நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை என்று சட்டம் சொன்னாலும், மருத்துவ வழக்கில் ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

மனுதாரராக உங்கள் கணவர் இருக்க வேண்டும். கடிதம் முழுக்க 'நான் வழக்குப் போடலாமா' என்று எழுதியிருக்கிறீர்கள். காயம்பட்டவர் அவர், காப்பீட்டின் பயனாளியும் அவர். அவருக்காக நீங்கள் அலையலாம், சாட்சி சொல்லலாம். எதிர்மனுதாரராக மருத்துவமனை, அறுவை மருத்துவர் இருவரையும் சேருங்கள். 'அவர் எங்கள் ஊழியர் இல்லை, வந்து செய்துவிட்டுப் போகும் கன்சல்டன்ட்' என்ற வாதம் வரும். சவிதா கார்க் வழக்கில் 2004-லேயே அதற்குப் பதில் சொல்லப்பட்டுவிட்டது: மருத்துவமனை அவர்களுக்கும் பொறுப்பு.

காலக்கெடு இரண்டு ஆண்டு. உங்கள் விஷயத்தில் தவறு அன்றைக்கே தெரிந்துவிட்டதால், அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள். 14 மாதம் போய்விட்டது. மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருப்பது, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது, வேறு அலுவலகங்களில் புகார் கொடுத்துக் காத்திருப்பது எதுவும் இந்தக் கெடுவை நீட்டாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். இன்னும் மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை பதிவேடுகளைத் தர மறுத்தாலும் நிற்க வேண்டாம். உங்களிடம் இருப்பதை வைத்துத் தாக்கல் செய்து, மீதியை ஆணையத்தின் உத்தரவின் மூலம் வரவழைக்கலாம்.

நோட்டீஸ் சேர்ந்தபின் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-இல் சொல்லியிருக்கிறது. மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த வரியை நம்பிக் கடன் வாங்காதீர்கள், ஆண்டுக்கணக்கில் ஆவதே நடப்பு.

'டாக்டருக்கு எதிராக எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டார்' என்பதில் பாதி உண்மை. எல்லா மருத்துவ வழக்குகளிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று வி. கிஷன் ராவ் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பவமே தவறைச் சொல்லும் இடங்களில் நிபுணர் வேண்டியதில்லை, இடது வலது மாறியது அந்த ரகம். ஆனால் வேறு இடத்தில் உங்களுக்கு மருத்துவர் தேவைப்படுவார். இடது முழங்காலில் இப்போது உள்ள வீக்கமும் வலியும் அந்த அறுவையால் வந்ததா, வயதின் தேய்மானமா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். ஜவ்வின் ஒரு பகுதியை எடுத்தால் எலும்புகளுக்கு இடையே பளு தாங்கும் பரப்பு குறைந்து மூட்டு சீக்கிரம் தேய வாய்ப்பு உண்டு என்பது எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று அவரைக் கேட்க வேண்டாம். இந்த முழங்காலின் இன்றைய நிலை என்ன, எவ்வளவு ஜவ்வு போயிருக்கிறது, கனரக வாகனம் ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்டால் தயங்காமல் எழுதித் தரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

தொகை

ஒரு கோடி என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2013-இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. அது 1998-இல் நேர்ந்த ஒரு மரணம், 15 ஆண்டு நடந்த வழக்கு. மறுபுறம், மேலே சொன்ன சமீரா கோலி வழக்கில் ஒப்புதலின்றிக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்ததற்குக் கட்டணத்தை ரத்து செய்ததோடு 25,000 ரூபாய்தான் கிடைத்தது.

உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். ஏழு மாதச் சம்பள இழப்பு 1,82,000. இதில் ஒன்றரை மாதத்தைக் கழித்துவிடுங்கள், வலது காலின் அறுவைக்கே அவ்வளவு ஓய்வு வேண்டியிருந்திருக்கும். நீங்களாகக் கழிக்காவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கழித்துக்காட்டி உங்கள் மற்ற எண்களையும் சந்தேகத்துக்குள்ளாக்குவார். மிச்சம் 1,43,000. காவல் வேலைக்கு மாறிய ஏழு மாதத்துக்கு மாதம் 12,000 வீதம் 84,000. ஆக இதுவரை 2,27,000. இனி ஓட்டவே முடியாது என்று மருத்துவச் சான்று கிடைத்தால், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் இழப்பு. வாகன விபத்து வழக்குகளில் 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கும் எண் 14. அதை இங்கே அப்படியே பொருத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் வழிகாட்டியாக எடுத்துக்கொண்டால் 20,16,000 வருகிறது. இதற்கு மேல் சிகிச்சைச் செலவு, வலிக்கும் மனவேதனைக்கும் ஒரு தொகை, வழக்குச் செலவு. நிரந்தரப் பாதிப்பு நிரூபணமானால் 25 லட்சத்தை ஒட்டிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிரூபணமாகாவிட்டால் சில லட்சங்களோடு நிற்கும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் 18,000 ரூபாய்க்கும் முத்திரைத்தாளுக்கும் உள்ள பொருத்தம் உங்களுக்கே புரியும். சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல தொகைக்குச் சீக்கிரம் முடிவது ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட மேல். ஆணையத்திலேயே சமரச மையம் இருக்கிறது. அப்படி முடித்தால், எந்தக் கால் தவறாக அறுக்கப்பட்டது என்பதும் இனி வரும் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

போலீஸ், மருத்துவக் கவுன்சில், கொழுந்தனார்

காவல் புகாருக்கு இடம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 125(பி) பிரிவு, அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ கொடுங்காயம்தான். ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கின் 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி மருத்துவர் மீது குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். விசாரணை அதிகாரி முதலில் சார்பற்ற மருத்துவக் கருத்து வாங்க வேண்டும், புகார் வந்ததுமே கைது செய்யவும் கூடாது. ஆளைத் தூக்கி உள்ளே வைப்பது நடக்காது. போலீஸ் வழக்கில் உங்கள் கைக்கு இழப்பீடு வருவதும் அரிது. ஆனால் அந்தப் படிவத் திருத்தம் உறுதியாகிவிட்டால், ஆவணத்தைப் போலியாக்கியதற்குத் தனியாகப் புகார் கொடுக்க முடியும். முன் அனுமதிப் படிவம் கைக்கு வந்த பிறகு அதை முடிவு செய்யலாம்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரின் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீக்க முடியும், பணம் வாங்கித் தர முடியாது. இணையாகவே கொடுக்கலாம். அங்கே தவறு என்று முடிவானால் நுகர்வோர் வழக்குக்குத் துணை, இல்லையென்று வந்தாலும் ஆணையம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. மருத்துவமனையின் உரிமம் பற்றிய புகார் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டும்.

கொழுந்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சத்தம் போட்டு ஒரு கண்ணாடி உடைந்தாலும், மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய, பிணையில் வரமுடியாத குற்றம் அவர் மீது பாயும். பிறகு சமரசம் என்றால் அவரை வெளியே எடுக்கத்தான் சமரசம். மருத்துவர் பெயரைப் போட்டுக் காணொளி வெளியிடுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக, மறுபரிசோதனைக்கு அதே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. வேறோர் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காய்ச்சலோடு முழங்கால் சூடாக வீங்கினாலோ, கெண்டைக்காலில் திடீர் வலியும் வீக்கமும் வந்தாலோ நாள் பார்க்காமல் அன்றே போங்கள். இடது முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் முழங்காலில் நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் எம்.ஆர்.ஐ.க்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு முழங்காலின் தழும்புகளையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்லும், ஆட்டோ வாடகைச் சீட்டு உட்பட, ஒரே கோப்பில் இருக்கட்டும். கனரக வாகனம் ஓட்டத் தகுதி உண்டா இல்லையா என்ற சான்றை அரசு தலைமை மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம் வாங்க முயலுங்கள். அந்தச் சான்று வரும்வரை, நிறுவனம் கூப்பிட்டாலும், அவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம்.